கேட்க முடியாத கிட்னி

வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் ஒரே அறையில் படுத்திருப்பவர்களுக்குள் ஒரு சிநேகம் வந்துவிடுகிறது. பக்கத்துக் கட்டில்காரர் போன தடவையைவிட எத்தனை கிலோ ஏறி வந்திருக்கிறார், யார் திருட்டுத்தனமாக இளநீர் குடித்தார் என்பதெல்லாம் டயாலிசிஸ் வார்டில் ஊரறிந்த ரகசியம். அங்கே ஒருவரிடம், "ஏண்ணே, கிட்னி மாத்திக்கலாமே?" என்று கேட்டேன். ஐம்பதைத் தாண்டியவர். கையில் டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்துவைத்த ஃபிஸ்டுலா கயிறுபோலப் புடைத்திருந்தது.

"பொண்ணு தர்றேங்குது தம்பி. கல்யாணம் ஆகாத புள்ள. வயித்துல தழும்போட நின்னா எவன் கட்டுவான்? எனக்கு இதுவே போதும்."

மகளின் ரத்த வகை பொருந்துகிறதா என்றுகூட அவர் பார்க்கவில்லை. பொருந்திவிட்டால் என்ன செய்வது என்கிற பயம்.

"இதுவே போதும்" என்பதை உடம்பு ஒப்புக்கொள்ளாது. நல்ல சிறுநீரகங்கள் இரவு பகலாக நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, தேவையானதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் போல வெளியே தள்ளுகின்றன. வாரத்தின் 168 மணி நேரத்தில் மெஷின் வேலை செய்வது 12 மணி நேரம்தான். மீதி 156 மணி நேரமும் நீரும் உப்பும் பொட்டாசியமும் உள்ளேயே சேர்கின்றன. ரத்தம் ஊறச் செய்யும் எரித்ரோபாய்டினை மெஷின் சுரக்காது. அதை ஊசியாகத்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

மாற்றிக்கொண்டவர்கள் அதிக நாள் வாழ்கிறார்களா? இதற்குப் பதில் சொல்வது லேசில்லை. ஓரளவு தெம்பாக இருப்பவர்களுக்குத்தான் ஆபரேஷனே செய்வார்கள் என்பதால், எல்லா டயாலிசிஸ் நோயாளிகளோடும் அவர்களை ஒப்பிட்டால் கணக்கு கோணலாகும். 1999-இல் அமெரிக்காவில் ராபர்ட் வுல்ஃப் குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். இறந்தவரின் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்து காத்திருந்தவர்களையும், அதே பட்டியலிலிருந்து சிறுநீரகம் கிடைத்தவர்களையும் மட்டும் ஒப்பிட்டார்கள். நீண்ட கால மரண அபாயம், கிடைத்தவர்களுக்கு 48 முதல் 82 சதவீதம்வரை குறைவு. ஆனால் ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் இரண்டு வாரங்களில் அவர்களுடைய அபாயம் காத்திருப்பவர்களைப்போல 2.8 மடங்கு!

ஆபரேஷனைப் பற்றி வார்டில் நிலவும் அச்சத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. "எட்டாம் நம்பர் பெட்ல இருந்தாரே, மாத்தி மூணே மாசத்துல போயிட்டாரு" என்ற செய்தி அன்றைக்கே வந்துசேரும். பொருத்திய கிட்னி ஏழெட்டு வருஷத்தில் பழுதானவரும் இதே கட்டிலுக்குத்தான் திரும்புவார். நன்றாகப் பிழைத்தவரோ வயலுக்கோ கடைக்கோ போய்விட்டார். அவருக்கு வார்டில் என்ன வேலை? டயாலிசிஸ் அறையின் ஜன்னல் வழியே தெரிவது தோற்றுப்போன ஆபரேஷன்கள் மட்டும்தான். வேலூர் சி.எம்.சி.யில் 1971-இல் சிறுநீரக மாற்று வெற்றிகரமாக நடந்து அரை நூற்றாண்டு தாண்டியும், "பழைய கிட்னியை எடுக்க மாட்டாங்க, புதுசை அடிவயித்துல ஒரு பக்கமா வைப்பாங்க" என்று சொன்னால், "அப்போ மூணு கிட்னியா?" என்று வாய் பிளக்கிறார்கள்.

ஆனால் அந்த அப்பாவின் கவலை தன் உயிரைப் பற்றியதல்ல. கொடுப்பவருக்கு ஒன்றும் ஆகாது என்று அடித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. அமெரிக்காவில் 80,000-க்கும் மேற்பட்ட கொடையாளர்களைப் பார்த்த ஆய்வில், ஆபரேஷனை ஒட்டிய 90 நாட்களில் இறந்தவர்கள் பத்தாயிரத்துக்குச் சுமார் 3 பேர். சிறு எண்தான், பூஜ்யமில்லை. தழும்பைவிடக் கவனிக்க வேண்டியது வேறொன்று. சிறுநீரகம் கொடுத்த பெண்கள் பிறகு கருவுற்றபோது, கர்ப்பகால ரத்தக் கொதிப்போ அதையொட்டிய சிக்கலோ 11 சதவீதக் கர்ப்பங்களில் வந்தது. கொடுக்காத ஆரோக்கியமான பெண்களில் அது 5 சதவீதம் என்று 2015-இல் வெளியான கனடா ஆய்வு சொல்கிறது. மணமாகாத மகளிடம் வாங்க மறுத்த அப்பாவின் முடிவில் நியாயம் இருக்கிறது. அவர் சொன்ன காரணம்தான் வேறு.

இந்தத் தயக்கம் எல்லாப் பக்கமும் ஒரேபோல் வேலை செய்வதில்லை என்பது கசப்பான உண்மை. 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த 36,640 உறுப்பு மாற்றுகளில் உறுப்பைப் பெற்ற ஆண்கள் 29,695 பேர். பெண்கள் 6,945 பேர். உயிரோடு இருந்து கொடுப்பவர்களிலோ பெண்களே அதிகம். கணவனுக்கு என்றால் மனைவி முன்வருகிறாள். மனைவிக்கு என்றால், "பார்ப்போம், சம்பாதிக்கிறவன் படுத்துட்டா குடும்பம் என்னாகும்" என்று வீடு பேசுகிறது. அவளும் அதையே திருப்பிச் சொல்கிறாள். அவளுடைய "எனக்கு வேண்டாம்" எவ்வளவு தூரம் அவளுடையது?

யாரிடமும் கேட்க வேண்டாத வழி ஒன்று உண்டு: மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்குப் பெயர் பதிவது. 2008-இல் ஹிதேந்திரன் என்ற பள்ளி மாணவனின் உறுப்புகளை டாக்டர்களான பெற்றோர் கொடுத்தபோது தமிழ்நாடு இதை நெருங்கிப் பார்த்தது. 2023 முதல் உறுப்புக் கொடையாளர்களுக்கு அரசு மரியாதையும் உண்டு. சொந்தக்காரரிடம் வாங்க மாட்டேன் என்பவர்கள் பலரும் இதற்குத் தலையாட்டுகிறார்கள். காத்திருப்புதான் வருடக்கணக்கில் நீளும். டயாலிசிஸில் கழிகிற ஒவ்வொரு வருடமும் இதயத்தையும் ரத்தக்குழாயையும் தேய்த்துவிடுகிறது.

கிட்னி கேட்கத் தயங்குபவர்களுக்காக அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஓர் எளிய உத்தியைச் சோதித்தார்கள். நோயாளி வாய்திறக்க வேண்டாம். நண்பரோ உறவினரோ ஒருவரைப் பழக்கி, அவரை விட்டு ஊராரிடம் பேசவைப்பது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பெண் கேட்கத் தாய்மாமனையும், கடன் கேட்க ஒரு பெரிய மனுஷரையும் அனுப்புகிற ஊருக்கு இது புதிதா? ஆனால் தாய்மாமன் கேட்டால் மறுப்பது கடினம் என்பதும் நமக்குத் தெரியும். அதனால்தான் கொடுக்க வருபவரைக் குடும்பத்திடமிருந்து பிரித்து, தனி அறையில் உட்காரவைத்து டாக்டர் பேச வேண்டியிருக்கிறது. "எனக்கு இஷ்டமில்ல சார், வெளிய சொல்லிடாதீங்க" என்று அங்கே ஒருவர் சொன்னால், "மருத்துவக் காரணங்களால் இவருக்குத் தகுதியில்லை" என்ற ஒரே வரியோடு அவரை வீட்டுக்கு அனுப்பும் பழக்கம் பல நாடுகளில் உண்டு. என்ன காரணம் என்று குடும்பத்திடம் விளக்க மாட்டார்கள்.