தீயணைப்பு வண்டிக்கு முன்னும் பின்னும்: கடையநல்லூரை முன்வைத்து ஒரு வரலாறு

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையின்மேல் அமைந்த கடையநல்லூர், வயலும் தறியும் சேர்ந்து வளர்த்த ஊர் என்பதால், அதன் தீயணைப்பு வரலாற்றைச் சிவப்பு வண்டியிலிருந்து தொடங்குவது பொருந்தாது. பனையோலைக் கூரை, தொழுவத்தை ஒட்டிய வைக்கோல் படப்பு, வீட்டுக்குள்ளேயே தறி, தறிக்கு அருகே நூல்கட்டு, அடுப்படியில் விறகு என எளிதில் பற்றும் பொருள்களோடு மக்கள் நெருங்கி வாழ்ந்த தென்பாண்டி ஊர்களில், தீயை எதிர்கொள்ள இருந்தவை கிணறும் குளமும் அண்டை வீட்டார் ஏந்தி வந்த குடங்களும்தாம். ஒரு கூரை பற்றிக்கொண்டால், அதன்மேல் நீரை வீணாக்குவதைவிடக் காற்று வீசும் திசையிலுள்ள அடுத்த கூரையைப் பிரித்தெறிவது மேல் என்பதைப் பட்டறிவு கற்றுத் தந்திருந்தது. குளிர்வித்தல், காற்றைத் தடுத்தல், எரிபொருளை அகற்றுதல் என்று இன்றைய தீயணைப்புப் பயிற்சியில் சொல்லப்படும் மூன்று வழிகளுள் மூன்றாவது இதுவே.

அரசு அமைப்பாகத் தீயணைப்பு உருவானது துறைமுக நகரங்களின் தேவையால் ஆகும். சென்னையில் 1908ஆம் ஆண்டு தீயணைப்புப் படை தொடங்கப்பட்டது. ஆறே ஆண்டுகளில், 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு பொழிந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைப் பற்றவைத்தபோது, எண்ணெய்த் தீயின் முன் ஒரு நகரம் எவ்வளவு வலுவற்றது என்பது வெளிப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் குண்டுவீச்சை எதிர்பார்த்துச் சென்னையிலிருந்து மக்கள் பெருந்திரளாக வெளியேறிய 1942இல், தீயணைப்பு நகராட்சிக் கடமை என்ற நிலையைக் கடந்து மாகாண அரசின் பொறுப்பாக மாறியது. பம்பாய்த் துறைமுகத்தில் 1944 ஏப்ரல் 14 அன்று வெடிமருந்தும் பஞ்சுப் பொதிகளும் ஏற்றியிருந்த ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பல் வெடித்து, தீயணைக்கச் சென்ற வீரர்கள் 66 பேர் உயிரிழந்தனர்; நாடு முழுவதும் ஏப்ரல் 14 முதல் 20 வரை கடைப்பிடிக்கப்படும் தீத்தொண்டு வாரம் அவர்களின் நினைவாக அமைந்தது. காலப்போக்கில் இந்தப் பணி மாவட்டத் தலைநகரங்களையும், அவற்றைக் கடந்து கடையநல்லூர் போன்ற சிறு நகரங்களையும் படிப்படியாக எட்டியது.

கடையநல்லூர் மக்களின் வரலாற்றில் தீ இன்னொரு கரையிலும் இடம்பெறுகிறது. நெசவுத் தொழில் நலிந்த காலத்தில் இவ்வூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் ஏராளமான முஸ்லிம் குடும்பங்கள் சிங்கப்பூருக்குச் சென்று, தஞ்சோங் பகார் துறைமுகத்தை அடுத்துக் குடியேறின. 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கை நிறுவிய அவர்கள், 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியையும் தொடங்கினர். அவர்கள் வாழ்ந்த அந்த நகரில், நீப்பனை ஓலையால் வேய்ந்த ‘அத்தாப்பு’ வீடுகள் நெருங்கி நின்ற புக்கிட் ஹோ சுவீ பகுதி 1961 மே 25 அன்று எரிந்து, ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தனர். தீயணைப்புப் படை 1888 முதல் இயங்கிய நகரில் இது நிகழ்ந்தது என்பது கவனத்துக்குரியது. தீயணைப்பு வண்டிகளைப் பெருக்குவதோடு நின்றுவிடாமல், 1960இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடி வீடுகளை விரைந்து எழுப்பி ஓலைக் கூரையையே இல்லாமல் செய்ததுதான் அங்கே நிலையான மறுமொழியாக அமைந்தது. சென்னைக் குடிசைப் பகுதிகளில் மீண்டும் மீண்டும் நேர்ந்த தீ விபத்துகளைக் கண்ட தமிழ்நாடு, 1970இல் குடிசை மாற்று வாரியத்தை அமைத்தது. ஒரு நகரை உண்மையில் காப்பது அதன் கூரையும் தெருவின் அகலமுமே, வண்டி அவற்றுக்கு அடுத்த நிலையில்தான் வருகிறது என்று இவ்விரு நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்க்கையில் துணிந்து கூறலாம்.

கூரை பற்றிய அந்தப் பாடத்தைப் பள்ளிகள் கற்பதற்குத் தமிழ்நாடு கொடுத்த விலை மிகக் கொடியது. 1985ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம் நடைமுறையில் இருந்தபோதே, 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் எழுந்த தீ ஓலைக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. குழந்தைகள் இறந்த பிறகுதான் பள்ளிகளிலிருந்து ஓலைக் கூரைகள் அகற்றப்பட்டன என்பதைப் பொறுத்துக்கொள்வது எளிதன்று.

இன்று தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை என்று வழங்கும் அமைப்பின் பெயரிலுள்ள ‘மீட்பு’ என்ற சொல், கடையநல்லூர் போன்ற ஊர்களின் நிலையங்களில் அன்றாட வேலையின் பெரும்பகுதியைக் குறிக்கிறது. வயல்வெளிகளில் சுற்றுச்சுவரின்றி ஆழ்ந்து கிடக்கும் பாசனக் கிணறுகளில் தவறி விழும் மாடுகளையும் மனிதர்களையும் கயிறு கட்டி மேலேற்றுவது, வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடித்துக் காட்டில் விடுவது, காற்றில் சாய்ந்த மரத்தை அறுத்துச் சாலையைத் திறப்பது, வெள்ளத்தில் சிக்கியோரை ரப்பர் படகில் மீட்பது ஆகிய அனைத்தையும் நிலைய அலுவலரின் கீழ் முறைவைத்துப் பணியாற்றும் தீயணைப்போரே செய்கின்றனர். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பின்னர், அதுவரை நெல்லையிலிருந்து வரவேண்டியிருந்த மாவட்ட அளவிலான மேற்பார்வை சுமார் 17 கிலோமீட்டர் தொலைவுக்கு நெருங்கியிருப்பது இவ்வூருக்குக் கிடைத்த நன்மை.

ஊரின் மேற்கே மலை இருப்பதால் கோடைக்காலம் தனி அச்சத்தைக் கொண்டுவருகிறது. காட்டுத்தீயை அணைப்பது முதன்மையாக வனத்துறையின் பணி. புல்லையும் சருகையும் நீண்ட பட்டையாகச் செதுக்கி அகற்றித் தீ தாண்டாதபடி அமைக்கும் தீத்தடுப்புக் கோடும், பச்சைக் கிளைகளால் அடித்து அணைப்பதும் அங்கே கைக்கொள்ளப்படும் முறைகள். வண்டி ஏற முடியாத சரிவில் தண்ணீர்த் தொட்டியால் பயனில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேற்றத்துக்குச் சென்றவர்கள் தீயில் சிக்கி 23 பேர் இறந்தது, காய்ந்த புல்வெளியில் தீ எவ்வளவு விரைவாக மேல்நோக்கி ஏறும் என்பதை உணர்த்தியது. மலையடிவாரத் தோப்புகளுக்குத் தீ இறங்கும் வேளையில் மட்டுமே நிலைய வண்டிகளுக்கு வேலை வருகிறது.

ஊருக்குள்ளோ, தடை தண்ணீரே. தமிழ்நாட்டில் வழக்கமாகக் காணப்படும் வண்டியின் தொட்டி 4,500 லிட்டர் கொள்ளும். நிமிடத்துக்கு 450 லிட்டர் வீதம் பீய்ச்சினால் அது பத்து நிமிடங்களில் தீர்ந்துவிடும் என்பதால், இரண்டாம் முறை எங்கே நிரப்புவது என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியது அலுவலரின் முதற்கடமைகளுள் ஒன்று. பெரிய வண்டி நுழையாத நெசவாளர் சந்துகளுக்கு அருகே, குழாயை நேராக இறக்கி நீர் உறிஞ்சத்தக்க வகையில் பழைய பொதுக் கிணறுகளைத் தூர்வாரி வைப்பதும், கோடையிலும் வற்றாத நிரப்பிடங்கள் சிலவற்றை நகராட்சி ஒதுக்கித் தருவதும், இன்னொரு வண்டி வாங்குவதைவிடக் குறைந்த செலவில் முடியக்கூடியவை.