பழைய பெட்ரோல் லாரியில் டிஸ்டிரிபியூட்டரை மாற்றித் தீப்பொறியின் காலத்தைச் சரிப்படுத்துதல்

பருவம் தவறிய விதைப்பு பலன் தராது என்பதைக் குடியானவர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பெட்ரோல் எஞ்சினுக்கும் அப்படியே ஒரு பருவம் உண்டு. சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட பெட்ரோல் ஆவியின்மீது தீப்பொறி விழவேண்டிய தருணமே அது. பொறி காலந்தாழ்ந்து விழுந்தால் எஞ்சின் சூடேறி, பலம் குன்றி, பெட்ரோல் வீணாகும். மிகவும் முந்தினால் எஞ்சின் தட்டும். நாளடைவில் பிஸ்டனும் பழுதுறும். கைப்பிடியால் கிளப்பும்போது அது எதிர்த்துச் சுழன்று கையை முறித்துவிடுவதும் உண்டு.

இக்காலத்து டீசல் லாரிகளில் டிஸ்டிரிபியூட்டர் கிடையாது. ஆயினும் பழைய பெட்ரோல் லாரியை விடாது காத்துவரும் நிலச்சொந்தக்காரர்களுக்கு இம்முறை பயன்படும். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1928-ஆம் ஆண்டில் பம்பாயில் தொழிற்சாலை நிறுவி, ஷெவர்லே வண்டிகளைப் பூட்டி விற்கத் தொடங்கினர். அவர்கள் 1937 முதல் 1953 வரை லாரிகளில் பொருத்திய 216 கன அங்குல, ஆறு சிலிண்டர் எஞ்சினை ஈண்டு உதாரணமாகக் கொள்வோம்.

கழற்றுமுன் செய்யவேண்டுவன: லாரியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, கியரை நியூட்ரலில் விடுக. சுவிட்சை அடைத்து, பேட்டரிக் கம்பியைக் கழற்றுக. பிளக்குகளுக்குச் செல்லும் கம்பிகளுக்கு இலக்கமிட்டு, பிளக்குகளை எடுத்துவிடுக. ரேடியேட்டரை அடுத்துள்ள முதற் சிலிண்டரின் துவாரத்தில் விரலை வைத்துக்கொண்டு, மற்றொருவரைக் கொண்டு கைப்பிடியை மெல்லத் திருப்பச் செய்க. காற்று விரலைத் தள்ளினால் அது அழுத்த வேளை. அப்பொழுது பிளைவீல் உறையிலுள்ள சிறு திறப்பின் வழியே பார்த்து, பிளைவீலில் பதித்த எஃகுக் குண்டு முள்ளுக்கு நேரே வருமாறு நிறுத்துக. வேலை முடியும்வரை எஞ்சினை அசைக்கலாகாது.

பின்னர் மூடியை எடுத்து, உள்ளே சுழலும் ரோட்டரின் முனை காட்டும் இடத்தை எஞ்சின்மீது கோடிட்டுக் குறிக்க. டிஸ்டிரிபியூட்டரின் பல்சக்கரம் சாய்ந்த பற்களை உடையதாகையால், அதை மேலே உருவும்போது ரோட்டர் சற்றுத் திரும்பும். திரும்பி நின்ற இடத்தையும் இரண்டாவது கோடாகக் குறிக்க. புதியதை இறக்கும்போது ரோட்டரை இரண்டாவது கோட்டில் வைத்து இறக்கினால், அது முதற் கோட்டில் வந்து நிற்கும்.

ஈண்டு ஒரு முக்கிய எச்சரிக்கை. இவ்வெஞ்சினில் எண்ணெய்ப் பம்பைச் சுழற்றுவதும் டிஸ்டிரிபியூட்டரின் தண்டே. தண்டின் அடி பம்பின் பள்ளத்திற் பொருந்தாவிடில் டிஸ்டிரிபியூட்டர் முழுதும் இறங்காது. திருகை முறுக்கிப் பலவந்தமாக இறக்கலாகாது. பம்பின் பள்ளத்தை நீண்ட திருப்புளியால் சிறிது திருப்பி, மீண்டும் இறக்குக. எண்ணெய் ஏறாது ஓடும் எஞ்சின் சிறிது நேரத்தில் கெட்டுவிடும்.

அடுத்து, கான்டாக்ட் பாயின்ட்டுகளின் இடைவெளியைப் பீலர் கேஜினால் சுமார் 0.018 அங்குலமாக அமைக்க. இடைவெளி மாறினால் பொறியின் காலமும் மாறுமாதலால், இவ்வேலை முந்தியே முடிதல் வேண்டும். இதற்காக எஞ்சினைத் திருப்ப நேர்ந்தால், அழுத்த வேளையில் குண்டை மீண்டும் முள்ளுக்கு நேரே கொணர்க.

காலத்தை அமைக்க, பேட்டரியின் வோல்ட்டுக்கு ஏற்ற சிறு பல்பு ஒன்று போதும். பல்பின் ஒரு கம்பியை, காயிலிலிருந்து டிஸ்டிரிபியூட்டருக்கு வரும் மெல்லிய கம்பி சேருமிடத்திலும், மற்றதை எஞ்சினின் இரும்பிலும் இணைத்து, பேட்டரியைப் பூட்டிச் சுவிட்சைப் போடுக. ரோட்டர் மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுழல்வது. ஆகவே கவ்வியைத் தளர்த்தி, டிஸ்டிரிபியூட்டரின் உடலை முதலில் வலஞ்சுழியாகத் திருப்பிப் பல்பு அணையச் செய்க. பின்பு இடஞ்சுழியாக மெல்லத் திருப்புக. பல்பு எரியத் தொடங்கும் இடத்தில் பாயின்ட்டுகள் திறக்கின்றன. பொறி பிறக்கும் இடமும் அதுவே. அங்கே கவ்வியை இறுக்கிச் சுவிட்சை அடைக்க.

பிளக்குகளைத் திரும்ப மாட்டியபின், ரோட்டர் காட்டும் முனையில் முதற் சிலிண்டரின் கம்பியை வைத்து, மற்றவற்றை வலஞ்சுழியாக 1, 5, 3, 6, 2, 4 என்ற வரிசையில் பூட்டுக. கைப்பிடியால் கிளப்புவோர் பெருவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்து, மேல்நோக்கி இழுத்தல் நலம். எஞ்சின் கிளம்பியவுடன் எண்ணெய் மானியைப் பார்க்க. முள் எழாவிடில் உடனே நிறுத்துக.

எஞ்சின் சூடானபின், பாரம் ஏற்றி மேட்டில் ஓட்டிச் சோதிக்க. இழுக்கையில் தட்டும் ஓசை தொடர்ந்து கேட்டால், உடலை வலஞ்சுழியாக இம்மியளவு திருப்பிப் பொறியைத் தாமதிக்கச் செய்க. ஓசையின்றி லாரி சோர்ந்து இழுத்தால், இடஞ்சுழியாகத் திருப்புக.

அறுவடைச் சரக்கோடு நடுவழியில் நிற்கும் லாரியால் சந்தை தவறும். காய்கறியாயின் அழுகியும் போகும். ஆதலின் அறுவடை தொடங்குமுன்பே பாயின்ட்டுகளையும் பொறியின் காலத்தையும் சோதித்து வைத்தல் லாரி உடையோர் ஒவ்வொருவரும் கைக்கொள்ளத்தக்க வழக்கமாகும்.