அரியலூர்க்காரர் மூடிய கணக்கு, அரசு திறக்காத கடிதம்: ரிசர்வ் வங்கி யாருக்குப் பதில் சொல்லணும்?

மீன்சுருட்டியில் வீடு கட்ட, 2022 ஏப்ரலில் ஒருவர் வங்கியில் 25 லட்சம் ரூபாய் கடன் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 6.5 சதவீதம், 20 வருடம். மாதத் தவணை சுமார் 18,640 ரூபாய்.

பத்தே மாதம். 2023 பிப்ரவரியில் அதே கடனுக்கு வட்டி 9 சதவீதம். மீதமிருக்கும் கடன் கிட்டத்தட்ட 24.5 லட்சம். அதற்கு ஒரு மாத வட்டி மட்டும் 18,360 ரூபாய். பழைய தவணையையே கட்டினால் அசலுக்குப் போவது 300 ரூபாய்கூட இல்லை. சொன்ன காலத்தில் கடனை அடைக்கணும் என்றால் தவணை 22,400 ரூபாய் வரை ஏறும்.

இந்த 2.5 சதவீதத்தை ஏற்றியது உள்ளூர் வங்கி மேனேஜர் இல்லை. மும்பையில் கூடும் ஆறு பேர் கொண்ட ஒரு குழு. அவர்களில் யாருக்கும் யாரும் ஓட்டுப் போடவில்லை. அப்படியிருக்க, இவ்வளவு பெரிய அதிகாரத்தை அவர்களிடம் ஏன் கொடுத்தோம்? தப்பாகப் போனால் அவர்கள் யாருக்குக் கணக்குச் சொல்லணும்?

முதல் கேள்விக்கான பதிலில் மீன்சுருட்டி இருக்கும் இதே அரியலூர் மண்ணில் பிறந்த ஒருவர் வருகிறார்.

‘நோட்டுல எழுதிக்கங்கண்ணே!’

மளிகைக் கடையில் பற்று வைத்து வாங்குவது நமக்குப் பழக்கம்தான். மாதக் கடைசியில் தீர்த்துவிடுவோம் என்றுதான் ஆரம்பிக்கும். தீர்க்காமலே நோட்டு நீண்டுகொண்டே போனால், ஒரு நாள் கடைக்காரர் ‘பழையதைக் குடுத்துட்டு வாங்க’ என்பார்.

மத்திய அரசுக்கும் ரிசர்வ் வங்கியிடம் இப்படி ஒரு பற்றுக் கணக்கு இருந்தது. 1955-ல் செய்துகொண்ட ஏற்பாடு அது. ரிசர்வ் வங்கியில் அரசின் இருப்பு வெள்ளிக்கிழமைகளில் 50 கோடி ரூபாய்க்குக் கீழே போனால், குறையும் தொகைக்கு ‘அட்ஹாக் கருவூலச் சீட்டு’ தானாகவே உருவாகும். அரசு சீட்டைக் கொடுக்கும், ரிசர்வ் வங்கி பணத்தைக் கொடுக்கும். ‘முடியாது’ என்று சொல்ல அங்கே ஆளே இல்லை.

இந்தக் கடைக்காரர் மற்ற கடைக்காரர்கள் மாதிரி இல்லை. இவர் கொடுப்பது புதிதாக உருவாக்கப்படும் பணம். பொருள் கூடாமல் பணம் மட்டும் கூடினால் விலை ஏறும். தற்காலிகக் கைமாற்றாகத் தொடங்கியது, பட்ஜெட் பற்றாக்குறைக்கு நிரந்தர வழியாகிவிட்டது. அதற்கு அரசு கொடுத்த வட்டியோ 4.6 சதவீதம்தான்.

இந்த வழியை அடைக்கணும் என்று அழுத்திச் சொன்னவர் சி.ரங்கராஜன். அரியலூரில் 1932-ல் பிறந்து, திருச்சியிலும் சென்னையிலும் படித்து, அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்ற பொருளாதார அறிஞர். 1992 டிசம்பரில் ரிசர்வ் வங்கி ஆளுநரானார். 1993-ல் கொல்கத்தாவில் மத்திய வங்கியின் தன்னாட்சி பற்றியே ஓர் உரை நிகழ்த்தினார். அரசு நினைத்தபோதெல்லாம் பணம் எடுக்க முடிகிறவரை விலைவாசிக்கு ரிசர்வ் வங்கி பொறுப்பேற்க முடியாது என்பதே அவரது வாதத்தின் சாரம்.

அடுத்த ஆண்டே வேலை நடந்தது. மன்மோகன் சிங் நிதியமைச்சராக இருந்த 1994 செப்டம்பரில் அரசும் ரிசர்வ் வங்கியும் ஒப்பந்தம் போட்டன. ஆண்டு முடிவில் இவ்வளவுதான், தொடர்ந்து பத்து வேலை நாட்களுக்கு மேல் இவ்வளவைத் தாண்டக் கூடாது என்று வரம்புகள் வந்தன. ப.சிதம்பரம் 1997 பட்ஜெட்டில் அறிவித்தபடி, அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் அட்ஹாக் சீட்டு முறை ஒழிந்தது. அதன் இடத்தில், உச்சவரம்பும் திருப்பிக் கட்டக் கெடுவும் உள்ள குறுகிய கால முன்பணம் வந்தது. பிறகு 2003-ம் ஆண்டின் நிதிப் பொறுப்புச் சட்டப்படி, 2006 ஏப்ரல் முதல் அரசு வெளியிடும் கடன் பத்திரங்களை ரிசர்வ் வங்கி நேரடியாக வாங்குவதும், சில விதிவிலக்குகள் தவிர, தடுக்கப்பட்டது.

சரி, வட்டியை முடிவு பண்றது யாரு?

2016 வரை ஆளுநர்தான் கடைசி முடிவெடுப்பார். அந்த ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, பணக் கொள்கைக் குழு உருவானது. ரகுராம் ராஜன் ஆளுநராக இருந்தபோது உர்ஜித் படேல் குழு 2014 ஜனவரியில் கொடுத்த அறிக்கைதான் இதற்கு அடித்தளம்.

* குழுவில் ஆறு பேர். மூவர் ரிசர்வ் வங்கியைச் சேர்ந்தவர்கள், மூவர் அரசு நியமிக்கும் வெளி நிபுணர்கள்.
* வெளி நிபுணர்களுக்கு நான்கு ஆண்டு பதவி. மறுநியமனம் கிடையாது. அடுத்த வாய்ப்புக்காக யாரையும் திருப்திப்படுத்த வேண்டியதில்லை.
* ஓட்டுகள் சமமானால் ஆளுநருக்கு இன்னொரு ஓட்டு.
* சில்லறைப் பணவீக்க இலக்கை, ரிசர்வ் வங்கியைக் கலந்து அரசு ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிர்ணயிக்கும். 2016-லும் 2021-லும் அது 4 சதவீதம். மேலே 6, கீழே 2 வரை போகலாம்.

ஆக, எங்கே போகணும் என்று சொல்வது அரசு. எப்படிப் போவது என்று முடிவெடுப்பது குழு. தேர்தலுக்கு முன் வட்டியைக் குறைத்தால் உடனே நல்ல பெயர், விலைவாசி ஏறுவதோ ஒரு வருடம் கழித்து. அந்தச் சபலத்திலிருந்து வட்டியைத் தள்ளி வைக்கத்தான் இந்த ஏற்பாடு.

முழுச் சுதந்திரமா? இல்லை. ஆளுநரை நியமிப்பது அரசுதான். சட்டத்தின் 7-வது பிரிவின்படி, ஆளுநரைக் கலந்து, பொதுநலன் கருதி ரிசர்வ் வங்கிக்கு அரசு உத்தரவும் போடலாம். 2018-ல் இந்தப் பிரிவு பெரிய பேச்சானது. அந்த அக்டோபரில் துணை ஆளுநர் விரல் ஆச்சார்யா மத்திய வங்கியின் சுதந்திரத்தை வலியுறுத்தி வெளிப்படையாகப் பேசினார். டிசம்பர் 10-ல் ஆளுநர் உர்ஜித் படேல் தனிப்பட்ட காரணங்களைச் சொல்லி விலகினார். அடுத்து வந்தவர் சக்திகாந்த தாஸ், தமிழ்நாடு கேடர் ஐ.ஏ.எஸ். அதிகாரி.

யாரும் படிக்காத கடிதம்

இரண்டாவது கேள்வி இங்கேதான் வருகிறது. தொடர்ந்து மூன்று காலாண்டுகள் பணவீக்கம் 2 முதல் 6 சதவீத எல்லைக்கு வெளியே போனால், ரிசர்வ் வங்கி தோற்றுவிட்டது என்று சட்டம் சொல்கிறது. அப்போது அது அரசுக்கு ஓர் அறிக்கை தரணும். ஏன் தவறியது, என்ன செய்யப்போகிறது, எப்போது இலக்குக்குத் திரும்பும் என்ற மூன்றுக்கும் அதில் பதில் இருக்கணும்.

கொரோனா காலத்தில் விலைவாசி எல்லை தாண்டியும் இந்த நிலை வரவில்லை. 2020 ஏப்ரல், மே மாத விலைகளை முழுதாகச் சேகரிக்க முடியாததால், அந்தப் புள்ளிவிவரங்களைத் தொடர்ச்சியில் ஓர் இடைவெளியாகக் குழு கருதியது.

2022-ல் தப்ப முடியவில்லை. உக்ரைன் போர், எண்ணெய் விலை, உணவு விலை எல்லாம் சேர்ந்துகொண்டன. ஏப்ரலில் பணவீக்கம் 7.79 சதவீதம். மே 4-ல் முன்னறிவிப்பில்லாத கூட்டத்துக்குப் பிறகு ரெப்போ வட்டி 4 சதவீதத்திலிருந்து 4.4 ஆனது. 2023 பிப்ரவரிக்குள் 6.5. மீன்சுருட்டி வீட்டுக் கடன் ஏறியது இப்படித்தான். வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் 2019 அக்டோபர் முதல் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருப்பதால், மேலே ஏறினால் கீழேயும் ஏறும்.

ஜனவரி முதல் செப்டம்பர் வரை மூன்று காலாண்டும் 6 சதவீதத்துக்கு மேல். சட்டம் வந்த பிறகு முதல் தோல்வி. 2022 நவம்பர் 3-ல் குழு தனிக் கூட்டம் போட்டு அறிக்கையைத் தயாரித்தது. அது அரசுக்குப் போனது. மக்களுக்கு வரவில்லை. அது தங்களுக்கும் அரசுக்கும் இடையிலான கடிதம் என்றார் தாஸ். அதை வெளியிடச் சட்டத்தில் வழியில்லை என்று டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அரசு பதில் சொன்னது.

தோல்விக்கான காரணத்தை எழுதியது ரிசர்வ் வங்கி. படித்தது அரசு. கூடுதல் தவணை கட்டியவர்களுக்கு அதில் ஒரு வரியும் கிடைக்கவில்லை.

பக்கத்து வீட்டுல என்ன பண்றாங்க?

பிரிட்டனில் பணவீக்கம் 2 சதவீத இலக்கிலிருந்து ஒரு சதவீதப் புள்ளிக்கு மேல் விலகினாலே, பேங்க் ஆஃப் இங்கிலாந்து ஆளுநர் நிதியமைச்சருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதணும். நிதியமைச்சரின் பதில் கடிதமும் வெளியாகும். முதல் கடிதம் 2007 ஏப்ரலில் வந்தது. அதற்காக வானம் இடிந்து விழவில்லை.

இலங்கை இதைப் பட்டுக் கற்றது. அரசுக்காக மத்திய வங்கி பணம் அச்சிட்டது, அந்நியச் செலாவணி கரைந்தது. 2022 செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதம். அதற்குப் பிறகு 2023-ல் புதிய மத்திய வங்கிச் சட்டம் வந்தது. அரசுக்கு நேரடியாகக் கடன் கொடுக்கத் தடை. நிதி அமைச்சின் செயலாளருக்கு மத்திய வங்கிச் சபையில் இருந்த இடம் போனது. இலக்கு தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் தவறினால் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தரணும், அது மக்களுக்கும் வெளியாகணும். அரியலூர்க்காரர் 1990-களில் மூடிய வழியை இலங்கை 2023-ல்தான் மூடியது. ஆனால் கணக்குச் சொல்வதில் நம் சட்டத்தைவிட ஒரு படி மேலே போய்விட்டது.

‘4 சதவீதம்’ யாருடைய 4?

கணக்குக் கேட்பது வெறும் குற்றம் கண்டுபிடிக்கும் வேலை இல்லை. இலக்கே சரியா என்ற ஆய்வும் அதில் சேர்த்தி. 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட விலைக் குறியீட்டில், உணவுப் பொருள்களின் பங்கு கிராமத்துக்கு 54 சதவீதம், நகரத்துக்கு 36 சதவீதம். தக்காளி விலை ஏறினால் மீன்சுருட்டி குடும்பத்துக்கு அடி பலமாக விழும். ஆனால் மழை கெடுத்த தக்காளியை ரெப்போ வட்டி திருப்பிக் கொண்டுவராது.

அதனால்தான் உணவை விலக்கி இலக்கு வைக்கலாமா என்று 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை கேட்டது. உணவு விலை ஏறினால் அது கூலியிலும் மற்ற விலைகளிலும் பரவும், மக்கள் உணரும் விலைவாசியே அதுதான் என்பது எதிர்வாதம். 2025 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே ஒரு விவாத அறிக்கை வெளியிட்டு, எந்தப் பணவீக்கத்தைக் குறிவைப்பது, 4 சதவீதம் தொடரலாமா, 2 முதல் 6 என்ற எல்லை சரியா என்று கருத்துக் கேட்டது.

இப்படிக் கேட்பது நல்ல பழக்கம். ஆனால் 2022-ல் என்ன தவறியது என்று ரிசர்வ் வங்கியே எழுதிய அறிக்கை கையில் இல்லாமல், அந்த இலக்கை எப்படி மாற்றலாம் என்று வெளியிலிருந்து ஒருவர் எதை வைத்துக் கருத்துச் சொல்வார்?

போனிலேயே பார்க்கலாம்

கணக்கு முழுக்க மூடியிருக்கிறது என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு கூட்டம் முடிந்த 14-ம் நாள், யார் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார், ஏன் போட்டார் என்ற குறிப்பு ரிசர்வ் வங்கி இணையதளத்தில் வெளியாகிறது. 2024 ஜூனிலும் ஆகஸ்டிலும் ஜெயந்த் வர்மா, அஷிமா கோயல் இருவரும் வட்டியைக் குறைக்கச் சொல்லி ஓட்டுப் போட்டு 4-2 என்று தோற்றார்கள். அவர்களுடைய வாதம் அப்படியே அங்கே இருக்கிறது. 2025 பிப்ரவரியில்தான் வட்டி குறையத் தொடங்கியது.

தோற்றவர்களின் வாதத்தையே வெளியிடும் சட்டம், அமைப்பே தோற்றபோது எழுதிய அறிக்கையை வெளியிடுவது பற்றி மட்டும் எதுவும் சொல்லவில்லை. அதை மாற்ற இன்னொரு பெரிய சீர்திருத்தம் வேண்டாம். ‘அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்க்க வேண்டியது, நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள்.