ஆடு தின்னாத செடி

என் கெட்டிக்காரத் தம்பி, தங்கைகளே! வேலியோரம் ஊதாவும் வெள்ளையுமாய்ப் பூத்திருக்கும் நித்தியகல்யாணியை ஆடு தின்று பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். ஏன் தின்பதில்லை? சபாஷ், அதுதான் கேட்க வேண்டிய கேள்வி!

அதன் இலையில் கசப்பான நஞ்சு இருக்கிறது. தன்னைக் காத்துக்கொள்ளச் செடியே செய்துகொள்வது அது.

மடகாஸ்கர்தான் இந்தச் செடிக்குத் தாயகம். ஜமைக்கா தீவில் சர்க்கரை நோய்க்கு இதன் இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தார்கள். 1952-இல் அந்த இலைகள் கனடாவில் இருந்த ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளர் கைக்கு வந்தன. எலிகளுக்குச் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை. ஆனால், இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துபோயின!

இரத்தப் புற்றுநோயில் வெள்ளை அணுக்கள்தானே கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன? அப்படியானால் இந்தச் சாறு அதற்கு உதவுமா? நோபிளும் சார்லஸ் பீர் என்ற வேதியியலரும் விடாமல் தேடினார்கள். 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற மருந்துப் பொருளைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். பிறகு அதே செடியிலிருந்து வின்கிரிஸ்டின் கிடைத்தது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு மற்ற மருந்துகளோடு சேர்த்து இன்றும் அதைத் தருகிறார்கள்.

அது எப்படி வேலை செய்கிறது? ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே மெல்லிய இழைகள் உருவாகும். குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் பிரிப்பவை அவைதான். டியூபுலின் என்ற புரதத் துண்டுகள், ரயில் பெட்டிகள் போல ஒன்றோடொன்று கோத்து இழையாகின்றன. பெட்டியின் கொக்கியில் களிமண்ணை அப்பிவிட்டால் அடுத்த பெட்டி சேருமா? சேராது. மருந்தும் டியூபுலினில் அப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது. இழை இல்லை, பிரிதல் இல்லை. புற்றுநோய் செல் பெருக வழியின்றி மடிகிறது. புரிகிறதா? இன்னொரு முறை படித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

இலையில் இந்த மருந்து மிக மிகக் கொஞ்சம்தான். கொஞ்சம் மருந்துக்கே மூட்டை மூட்டையாய் இலை வேண்டும். நம் தென்மாவட்டங்களில் இதைப் பயிராகவே வளர்க்கிறார்கள். பிரான்சு நாட்டு வேதியியலர்கள் இந்த மருந்தின் மூலக்கூறில் ஒரு பகுதியை மாற்றி, வினோரெல்பின் என்ற புது மருந்தையும் செய்தார்கள். நுரையீரல், மார்பகப் புற்றுநோய்களுக்கு அது பயன்படுகிறது.

அதற்காக இலையைப் பறித்து மென்றுவிடாதீர்கள்! மருத்துவர் அளந்து கொடுத்தால்தான் அது மருந்து.

கடைசியாக ஒரு கேள்வி. இந்த மருந்து எடுப்பவர்களுக்கு முடி ஏன் கொட்டுகிறது? முடியின் வேரில் உள்ள செல்களும் வேகமாகப் பிரிபவை. மருந்து அவற்றையும் தடுத்துவிடுகிறது. சிகிச்சை முடிந்ததும் முடி மீண்டும் வளரும். உங்கள் வகுப்பில் யாராவது இப்படி முடி கொட்டித் தொப்பி போட்டு வந்தால், கேலி செய்பவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.