பெயரை நம்பி வாங்கிய தெளிப்பான்

2019-ஆம் ஆண்டு சம்பாவில், மார்கழி பிறந்த வாரம், என் ஒரு ஏக்கர் வெள்ளைப் பொன்னியில் புகையான் கண்டது. தூரைத் தட்டிப் பார்த்தால் தண்ணீரில் பூச்சி மிதந்தது. இரண்டு இடத்தில் பயிர் வட்டமாகக் காய்ந்துவிட்டது. புகையானுக்கு ஒரு நாள் தவணை கொடுத்தாலும் வட்டம் பெரிதாகும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். வயலை வடியவிட்டு, மருந்தைக் கலந்து, பேட்டரித் தெளிப்பானை முதுகில் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். நான்காவது தொட்டியில் மோட்டாரின் சத்தம் இறங்கிற்று. புகை போல வந்த மருந்து, நூல் பிடித்தாற்போல் ஒழுகத் தொடங்கியது. பிறகு அதுவும் நின்றது.

அந்தக் கம்பெனியின் பெயரை எங்கள் வீட்டில் மரியாதையோடுதான் சொல்வது வழக்கம். 1978-இல் என் தகப்பனார் அதே பெயர் போட்ட பித்தளைக் கைத்தெளிப்பானை வாங்கினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அது உழைத்தது. பழுது என்றால் பெரும்பாலும் வாஷர்தான். தோல் வாஷரை எண்ணெயில் ஊறவைத்து வரப்பிலேயே உட்கார்ந்து மாற்றிவிடுவார். ஆகவே 2018 ஆடியில் கடைக்காரர் நான்கு விதமான பேட்டரித் தெளிப்பானை எடுத்துக் காட்டியபோது, நான் பெயரை மட்டும் பார்த்தேன். மற்றதைக் காட்டிலும் விலை கூடுதல்தான். பரவாயில்லை என்றேன்.

மறுநாள் பழுது பார்க்கும் தம்பியிடம் கொண்டுபோனேன். மூடியைக் கழற்றியவர் சிரித்துவிட்டார்.

"மாமா, மேலே ஒட்டியிருக்கிற பேருதான் பழசு. மோட்டாரும் பேட்டரியும் வேற வேற இடத்துல வாங்கிப் பூட்டினது. நேத்து வேற கம்பெனி மெஷின் ஒண்ணு வந்துச்சு. அதுலயும் இதே மோட்டார்தான்."

"அப்ப எங்கப்பா வாங்கினது?"

"அது அவங்களே வார்த்தது, மாமா."

எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் பாதித் தப்பு என்னுடையது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பேட்டரி செத்த கதை

இவ்வகைத் தெளிப்பான்களில் பெரும்பாலும் ஈய அமில பேட்டரிதான் இருக்கும். அதை வெறுமையாக வைத்தால் தகட்டில் உப்புப் படிந்து இறுகிவிடும். நான் தை அறுவடைக்கு முன் கடைசியாக அடித்த பிறகு, சார்ஜ் ஏற்றாமல் குதிரின் ஓரம் வைத்தேன். எட்டு மாதம் அப்படியே கிடந்தது. மறுபடி சார்ஜரில் போட்டபோது அரை மணியில் பச்சை விளக்கு எரிந்தது. நல்ல பேட்டரி, சீக்கிரம் நிறைகிறது என்று மகிழ்ந்தேன்! செத்த பேட்டரிதான் அப்படிச் சீக்கிரம் நிறைந்தது போலக் காட்டும் என்று அப்போது தெரியாது. மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்ற வேண்டும் என்று கூட வந்த தாளில் ஆங்கிலத்தில், எறும்பு அளவு எழுத்தில் போட்டிருந்தது. தமிழில் ஒரு வரி இல்லை. இதில் கம்பெனியை நான் மன்னிக்கவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. என் இயந்திரத்தில் 12 வோல்ட், 8 ஆம்பியர் மணி என்று போட்டிருக்கிறது. மோட்டார் 2 ஆம்பியர் இழுத்தால் ஏட்டுக் கணக்கில் 4 மணி நேரம். வேகமாக இழுக்கும்போது பேட்டரி அவ்வளவு தராது. 3 மணியை ஒட்டித்தான் நிற்கும். நெல்லுக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் 16 லிட்டர் தொட்டியில் பன்னிரண்டரைத் தொட்டி. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தெளித்தால் 3 மணி 20 நிமிடம். ஆக, புது பேட்டரியே ஓர் ஏக்கருக்கு இழுபறிதான். கடைசித் தொட்டிகளில் அழுத்தம் குறைந்து துளி பெருத்துவிடும். நடப்பவர் அதே வேகத்தில் நடப்பார். மருந்து தோகையிலேயே வழிந்து நின்றுவிடும். புகையான் தூரில் சுகமாக இருக்கும். மருந்து சரியில்லை என்று மருந்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள், முதலில் ஒரு அளவுக் குவளையில் ஒரு நிமிடம் தண்ணீரைப் பிடித்துப் பார்க்கட்டும். முதல் தொட்டியில் ஒரு முறை, எட்டாவது தொட்டியில் ஒரு முறை பிடித்தால் போதும்.

மூக்கு அடைத்தால் வாயால் ஊதுகிற பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. அது விஷம். பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள்.

வாங்கும்போது

இப்போது யாராவது எந்தக் கம்பெனி வாங்கலாம் என்று என்னைக் கேட்டால், கம்பெனி இருக்கட்டும், பேட்டரியும் வாஷரும் மூக்கும் உங்கள் ஊரிலிருந்து சைக்கிள் தூரத்தில் கிடைக்குமா என்று கேட்கிறேன். உத்தரவாத அட்டையில் பேட்டரி சேர்ந்திருக்கிறதா என்று கடையிலேயே படித்துப் பாருங்கள். என் அட்டையில் இயந்திரத்துக்கு ஆறு மாதம். பேட்டரிக்கு ஒரு நாளும் இல்லை.

பில்லைக் கட்டாயம் வாங்கி வையுங்கள். நான் தொலைத்துவிட்டு வாயடைத்து நின்றேன். உழவரும் நுகர்வோரே என்று 2012-இல் ஒரு விதை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்க, பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற எண்ணிலும் முறையிடலாம்.

அன்று மீதி வயலுக்கு என்ன செய்தேன் என்றால், பரணிலிருந்து பித்தளைத் தெளிப்பானை இறக்கினேன். கலந்த மருந்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாது. இடது கை வலிக்க வலிக்கப் பம்பு அடித்து, பொழுது சாயும் முன் முடித்தேன். காய்ந்த வட்டங்களோடு போயிற்று. மற்ற பயிர் தப்பியது.

பழைய பாத்திரக்காரர் அதை எடைக்குக் கேட்டு இரண்டு முறை வந்துவிட்டார். கொடுக்கவில்லை. அதற்குத் தோல் வாஷர் இப்போது எங்கள் ஊர்க் கடையில் கிடைப்பதில்லை. செருப்புத் தைப்பவரிடம் அளவு கொடுத்து இரண்டு வெட்டி வைத்திருக்கிறேன்.