காந்தாரம் எங்கே போனது?

மெட்டல் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன் என்று சொன்னால் உறவினர் பலருக்குப் புரிவதில்லை. “ஆறு கம்பி வாங்கக் காசு பத்தலையா?” என்று சித்தப்பா ஒருவர் உண்மையாகவே கேட்டிருக்கிறார். பேஸில் பெரும்பாலும் நான்கு கம்பிகள்தான். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? நான் எதற்கு இருக்கிறேன் என்பது எங்கள் குழுவுக்கே சரியாகத் தெரியவில்லை.

நாங்கள் நான்கு பேர். சனிக்கிழமை மாலைகளில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் பயிற்சி அறையில் கூடுவோம். கிட்டார் வாசிக்கும் நண்பர் புதிய ‘ரிஃப்’ ஒன்றைக் கொண்டுவருவார். “நான் வாசிப்பதையே நீயும் கீழே வாசி, போதும்” என்பார். இரண்டு ஆண்டுகள் அப்படியே வாசித்தேன். சென்ற ஆண்டு சொந்தமாக ஒரு பாடலைப் பதிவு செய்தோம். கணினியில் என் தடத்தை மட்டும் அணைத்துவிட்டுப் போட்டுக்காட்டினேன். மூவரில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

அன்றிரவு வீடு திரும்பும் ரயிலில், பேஸை விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

காரணம் எளிதுதான். கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி வினாடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிரும். பேஸின் தாழ்ந்த கம்பி அதில் பாதி, 41 முறை. ஒரே மெட்டை இருவரும் வாசித்தால், கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் பேஸ் கிட்டாரின் நிழலாகிவிடும். பாட்டுக்குக் கனம் கிடைக்கும், ஆனால் தனிக் குரல் கேட்காது. மெட்டாலிகா குழு 1988ல் வெளியிட்ட ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ தொகுப்பைக் கேட்டுப் பாருங்கள். அதில் பேஸ் ஏறக்குறையக் கேட்கவே கேட்காது. மெட்டல் ரசிகர்கள் இன்றுவரை அதற்காகச் சண்டை போடுகிறார்கள்.

வழி காட்டியவர் அம்மா. அவருக்கு மெட்டல் பிடிக்காது. சிறு வயதில் கர்நாடக வாய்ப்பாட்டு கற்றவர். எங்கள் பதிவைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “என்னம்மா இது, சவும் பவும் மட்டும்தான் கேக்குது. தம்புரா சுருதி மாதிரி இருக்கு. காந்தாரம் எங்க போச்சு?” என்றார்.

சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது, அவர் சொன்னது அப்படியே உண்மை.

மெட்டல் கிட்டார் பெரும்பாலும் வாசிப்பது ‘பவர் கார்ட்’. அதில் இருப்பவை ஷட்ஜமும் பஞ்சமமும்தான். ஒலியைக் கரகரப்பாக்கும் ‘டிஸ்டார்ஷன்’ போட்டபிறகு காந்தாரத்தையும் சேர்த்தால் சத்தம் குழம்பிவிடும் என்பதால், பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். காந்தாரம் இல்லாததால் அந்தக் கார்ட் சோகமா, மகிழ்ச்சியா என்று காதுக்குத் தெரியாது. சாதாரண காந்தாரம் சேர்ந்தால் மேற்கத்திய இசையின் ‘மைனர்’, அந்தர காந்தாரம் சேர்ந்தால் ‘மேஜர்’. அதைத் தீர்மானிக்கும் இடம் காலியாகக் கிடக்கிறது. பேஸ் அங்கே போய் உட்காரலாம்.

அன்றே முயன்றேன். கிட்டார் ச-ப என்று நிற்கும்போது நான் கீழே காந்தாரத்தில் நின்றேன். தரை நழுவுவதுபோல் இருந்தது, நன்றாக இல்லை. அடியில் எப்போதும் ஷட்ஜத்தை எதிர்பார்க்கும் காது தடுமாறுகிறது. அதனால் ஷட்ஜத்தில் தொடங்கி, சுற்று முடியும் கடைசித் தட்டில் மட்டும் மேல் ஸ்தாயி காந்தாரத்தைத் தொட்டுவிட்டு இறங்கினேன். அது சரியாக உட்கார்ந்தது.

இதைவிடச் சுவையான வித்தை ஒன்று உண்டு. கிட்டார் அதே ச-பவில் நிற்கட்டும். பேஸ் கீழே சுத்த தைவதத்துக்கு இறங்கி அங்கேயே தங்கட்டும். கொஞ்ச நேரத்தில் காது அந்தத் தைவதத்தையே புதிய ஷட்ஜமாக எடுத்துக்கொள்ளும். மேலே ஒலிக்கும் பழைய ஷட்ஜம் அந்தர காந்தாரமாகவும், பஞ்சமம் காகலி நிஷாதமாகவும் மாறிவிடும். கிட்டார்க்காரர் ஒரு விரலைக்கூட நகர்த்தவில்லை, ஆனால் இருளில் இருந்த பாட்டில் வெளிச்சம் வந்துவிடும். கச்சேரி கேட்பவர்களுக்கு இது கிரக பேதம் என்று உடனே பிடிபடும்.

சுரம் பாதி வேலைதான். மீதி, டிரம்ஸ் வாசிப்பவரின் வலது காலில் இருக்கிறது. அந்தக் கால் மிதிக்கும் பெரிய முரசோடு பேஸ் எங்கே சேர வேண்டும், எங்கே விலக வேண்டும் என்பதில்தான் ஒரு வரி சொந்த வரியாகிறது. அயர்ன் மெய்டன் குழுவை 1975ல் லண்டனில் தொடங்கிய ஸ்டீவ் ஹாரிஸின் புகழ்பெற்ற குதிரை ஓட்டத்தை நம் சொற்கட்டில் ‘தா-கிட தா-கிட’ என்று சொல்லிப் பார்க்கலாம், ஒரு நெடிலும் இரண்டு குறிலும். அவர் பிளெக்ட்ரம் இல்லாமல் விரல்களாலேயே அதை வாசிக்கிறார். நான் முயன்றபோது இரண்டாவது நிமிடத்தில் முன்கை கல்லாகிவிட்டது.

இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ரிஃப்பைக் கைப்பேசியில் பதிவு செய்து, பேஸைத் தொடாமல், வேலைக்குப் போகும் வழியில் வாய்க்குள் முணுமுணுத்துப் பார்ப்பேன். விரல்களை முதலில் விட்டால் அவை பழகிய இடங்களுக்கே போகும். வாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை. மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில் வரியிலும் ஓர் இடைவெளி தானாக விழும். (எதிரே உட்காரும் பயணிகள் என்ன நினைப்பார்களோ தெரியாது.)

முன்னோடிகளைக் கேட்பதும் உதவுகிறது. 1970ல் வெளிவந்த பிளாக் சப்பாத்தின் முதல் தொகுப்பில் கீசர் பட்லர் தனியாக வாசித்துத் தொடங்கும் ‘என்.ஐ.பி.’ இருக்கிறது. அவர் முதலில் கிட்டார் வாசித்தவர். மெட்டாலிகாவின் கிளிஃப் பர்ட்டன் 1984ல் ‘ஃபார் ஹூம் த பெல் டோல்ஸ்’ பாடலின் தொடக்கத்தில் டிஸ்டார்ஷன் போட்டு வாசித்ததைப் பலர் கிட்டார் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1986ல் சுவீடனில் நடந்த பேருந்து விபத்தில் அவர் இறந்தபோது வயது 24. நமக்குப் பக்கத்திலேயும் ஒருவர் உண்டு. சிங்கப்பூரில் 1992ல் உருவான ‘ருத்ரா’ குழுவில் பாடுபவரும் பேஸ் வாசிப்பவரும் கதிரசன் ஒருவரே. வாய் ஒரு தாளத்திலும் கை இன்னொரு தாளத்திலும் போக வேண்டிய அந்த வேலையை நினைத்தாலே எனக்குத் தலை சுற்றும்.

எங்கள் பாடலை மறுபடி பதிவு செய்தோம். பல்லவியின் முதல் இரண்டு முறையும் கிட்டாரோடு ஒட்டியே போனேன். மூன்றாவது முறை மட்டும் தைவதத்துக்கு இறங்கினேன். ஹெட்ஃபோனில் கேட்ட கிட்டார் நண்பர் நிறுத்தினார், பின்னால் ஓட்டினார், மறுபடி கேட்டார். “இங்கே நான் என்ன மாற்றி வாசித்தேன்?” என்றார்.

அவர் எதையும் மாற்றவில்லை என்று சொல்லி என் தடத்தை அணைத்துக் காட்டினேன். இம்முறை மூவருக்கும் தெரிந்தது.

அடுத்த பாடலில் அவராகவே எட்டுச் சுற்று காலியாக விட்டிருக்கிறார். இரண்டு வாரமாகியும் எனக்கு ஒன்றும் அமையவில்லை. எங்கள் வீவக வீட்டில் இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கிடையாது. தாழ்ந்த ஒலி சுவரைத் தாண்டும், கீழ் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தடவிக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் குடிக்க எழுந்துவரும் அம்மா, ஒரு பக்கக் காதுறையை விலக்கி, “இன்னைக்கு எந்தச் சுரத்தைத் தேடுற?” என்று கேட்டுவிட்டுப் போகிறார்.