நாங்கள் ஆடு வெட்டுவதில்லை என்றேன்

இடைநிலைப்பள்ளியில் படித்தவர்களுக்கு அந்த மணி ஞாபகம் இருக்கும். நன்னெறிக் கல்விக்கான மணி. முஸ்லிம் மாணவர்கள் இஸ்லாமியக் கல்விக்காக வகுப்பிலேயே இருப்பார்கள். நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு அறிவியல் கூடத்துக்கோ சிற்றுண்டிச்சாலை மேசைக்கோ நடப்போம். காலையிலிருந்து ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள், சமயம் என்ற பேச்சு வரும் நேரத்தில் மட்டும் இரண்டாகப் பிரிந்துவிடுவோம். ஐந்து வருடமும் இப்படித்தான். இதில் யாரையும் குறை சொல்லவில்லை, கால அட்டவணை அப்படி. ஆனால் அந்த மணிக்கு அப்புறம் ஒருவரை ஒருவர் கேட்க வேண்டிய கேள்விகளை எல்லாம் கழிப்பறை வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும்தான் கேட்டுக்கொண்டோம்.

படிவம் நான்கில், சுங்கை பட்டாணி பேருந்து நிறுத்தத்தில், என் மலாய்த் தோழி அப்படி ஒரு கேள்வி கேட்டாள். "உங்க கோயில்ல ஆடு வெட்டுவாங்களாமே, உண்மையா?"

"சே, நாங்க வெட்டமாட்டோம். அது வேற ஆளுங்க" என்றேன்.

முந்தின ஞாயிறுதான் எங்கள் தோட்டத்து முனீஸ்வரர் கோயிலில் கிடா வெட்டு நடந்திருந்தது. தாத்தாவின் கால் அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்ததற்கு வைத்த நேர்த்திக்கடன். கறிக் குழம்பில் எனக்கு இரண்டு எலும்பு அதிகமாகவே விழுந்தது. (எங்கள் தோட்டத்துப் பேச்சில் கிடாவும் கெடா, மாநிலமும் கெடா. சின்ன வயதில் இந்த மாநிலத்துக்கே ஆட்டின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நம்பியிருந்தேன்.)

அவள் நம்பிவிட்டாள். "நல்ல வேளை" என்றுகூடச் சொன்னாள். அந்த "நல்ல வேளை" நான்கு வருடம் என் தொண்டையிலேயே நின்றது.

இப்போது சிந்தோக்கில் படிக்கிறேன். சென்ற பருவத்தில், நாட்டில் வாழ்ந்த ஒரு சிறுபான்மைச் சமூகத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். எல்லாரும் சீக்கியர், சயாமியர், ஓராங் அஸ்லி என்று எடுத்துக்கொள்ள, நான் பினாங்கு யூதர்கள் என்று எழுதிக் கொடுத்தேன். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. "யாஹூடி" என்ற சொல்லை நான் வசைச் சொல்லாக மட்டுமே கேட்டிருக்கிறேன். கடன் வாங்கித் திருப்பித் தராத வகுப்புத் தோழனை நானே அப்படி ஏசியிருக்கிறேன். ஒரு யூதரைக்கூட நேரில் பார்க்காமல் அந்த வார்த்தை என் வாய்க்குள் எப்படி வந்தது என்று யோசித்ததே இல்லை.

தேடும்போதுதான் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து மாணவர்களைப் பற்றித் தெரிந்தது. அங்கே 1992-இல் தொடங்கிய ஒரு திட்டம், பெயர் 'ஸ்டூடண்ட் டு ஸ்டூடண்ட்'. பதினாறு, பதினேழு வயது யூத மாணவர்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து, யூத மாணவர்களே இல்லாத, அல்லது ஓரிருவர் மட்டும் இருக்கும் பள்ளிகளுக்குப் போகிறார்கள். தங்கள் வயதுப் பிள்ளைகளிடம், "எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை இரவு இப்படி இருக்கும்" என்று பேசுகிறார்கள். வெள்ளி சூரியன் சாய்ந்ததும் தொடங்கும் ஓய்வுநாள், அதற்கு ஏற்றும் மெழுகுவத்தி, பின்னல்போல் சுட்ட ரொட்டி. சனி இரவு ஓய்வுநாள் முடியும்போது கிராம்பு மாதிரி வாசனைப் பொருள் வைத்த சிறு டப்பாவை ஆளுக்கு ஆள் கொடுத்து முகர்வது. பன்றி இறைச்சி இல்லை, இறைச்சியும் பாலும் ஒரே சாப்பாட்டில் சேராது. இவற்றோடு ஹிட்லர் காலத்துப் படுகொலையும், தாங்கள் இன்று சந்திக்கும் வெறுப்பும் பேச்சில் வரும். யாரையும் மதம் மாற்றுவது நோக்கமில்லை. யூத மதத்தில் ஆள் சேர்க்கும் வழக்கமும் இல்லை.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. போகிற மூன்று நான்கு பேரும் ஒரே மாதிரி யூதர்கள் அல்ல. ஒருவர் கட்டுப்பாடாக வாழும் வைதிகப் பிரிவாக இருக்கலாம், இன்னொருவர் சீர்திருத்தப் பிரிவு. ஒருவர் சனிக்கிழமை கார் ஓட்டமாட்டார், பக்கத்தில் நிற்பவர் ஓட்டுவார். கேட்கிற பிள்ளைகளுக்கு முன்னாலேயே, "எங்கள் வீட்டில் அப்படி இல்லை" என்று ஒருவர் மற்றவரை மறுக்கலாம்.

இதைப் படித்ததும் பேருந்து நிறுத்தம்தான் கண்முன் வந்தது. வகுப்பில் முப்பது பேருக்கு நடுவே நாம் இரண்டு பேர் என்றால், நம் வாயிலிருந்து வருவதெல்லாம் ஒட்டுமொத்த இந்துக்களின் பதிலாகிவிடுகிறது. அந்தப் பாரத்தில் நாம் என்ன செய்கிறோம்? வீட்டைப் பெருக்கி, விருந்தினருக்கு முன் அறையை மட்டும் திறந்து காட்டுகிறோம். சைவச் சாப்பாடு, யோகா, அன்பே சிவம். முனியாண்டிக்குச் சுருட்டும் சாராயமும் படைக்கும் பின் அறையைச் சாத்திவிடுகிறோம். என்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்த இன்னொரு தமிழ்த் தோழி உண்மையிலேயே சுத்த சைவம், ஆகமக் கோயில் குடும்பம். அன்று எங்கள் இருவரையும் சேர்த்துக் கேட்டிருந்தால் இரண்டு பதிலும் வந்திருக்கும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிறுபான்மைப் பிள்ளைதான் எப்போதும் எழுந்து நின்று தன்னை விளக்க வேண்டும் என்பது நியாயமில்லை. செயின்ட் லூயிஸ் பிள்ளைகளுக்கும் அது சுமைதான். ஒரு பாடவேளையில் எவ்வளவு மாறிவிடும் என்றும் கேட்கலாம். ஆனால் யாரும் விளக்காத ஊரில் என்ன ஆகும் என்பதற்கு என் வாயில் வந்த வசையே சாட்சி.

கட்டுரைக்குப் படம் வேண்டும் என்று பினாங்கு கிளம்பினேன். பழைய பள்ளித் தோழியையும் கூப்பிட்டேன், அந்த "நல்ல வேளை"க்காரியைத்தான். சுங்கை பட்டாணியில் கொமுட்டர் ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, ஃபெரி பிடித்தோம். "யூதர் கல்லறைக்கா? எங்க அம்மாகிட்ட லக்சா சாப்பிடப் போறோம்னுதான் சொல்லியிருக்கேன்" என்றாள். காஸா படங்கள் தினமும் கைப்பேசியில் வந்துகொண்டிருந்த சமயம். அவளுக்கு மனம் ஒப்பவில்லை. என்னிடமும் நீளமான பதில் இல்லை. ஓர் அரசாங்கம் செய்வதைப் பார்த்துக் கொதிப்பது ஒன்று, இருநூறு வருடத்துக்கு முன்னால் பினாங்கில் செத்துப்போனவரை ஏசுவது இன்னொன்று என்று மட்டும் சொன்னேன். "பார்க்கலாம்" என்றாள்.

ஜாலான் சைனல் அபிடின் என்று இன்று வழங்கும் தெருவுக்கு முன்பு யாஹூடி சாலை என்று பெயர். அதை ஒட்டி மதில் சூழ்ந்த ஒரு துண்டு நிலம். 1805-இல் அமைந்த கல்லறைத்தோட்டம் என்கிறார்கள். சுமார் நூற்றேழு கல்லறைகள், பெரும்பாலும் மூடி முக்கோணமாகக் கூம்பிய கல்பெட்டி வடிவம். கோஹன் என்ற குருமார் குலத்தாருக்கு மட்டும் ஒரு மூலை தனியாக. அங்கே ஒரு பிரிட்டிஷ் இந்திய ராணுவ அதிகாரி இருக்கிறார், 1941 அக்டோபரில் விபத்தில் இறந்தவர். கடைசிக் கல்லறை 2011-இல் வந்தது, மோர்டெகாய் டேவிட் மோர்டெகாய் என்பவருடையது. பினாங்கின் கடைசி யூதர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

பாக்தாத் பக்கத்திலிருந்து வணிகத்துக்கு வந்தவர்கள் இந்தச் சமூகத்தில் முக்கியமானவர்கள். அவர்களுக்கு ஒரு தொழுகைக் கூடம் இருந்தது, எங்கே தெரியுமா? நாகூர் சாலையில். ஆம், நம் நாகூர்தான், நாகப்பட்டினத்துக்குப் பக்கத்து நாகூரின் பெயர் தாங்கிய தெரு. 1929-இல் திறந்த அந்தக் கூடம் 1976-இல் மூடப்பட்டது. கூட்டு வழிபாட்டுக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும் என்பது அவர்களின் மரபு. அந்தப் பத்துப் பேர் தேறவில்லை.

இந்த இடத்தில் எனக்கு எங்கள் தோட்டம் ஞாபகம் வந்தது. லயங்களில் குடும்பம் குடும்பமாக ஆள் இருந்த காலத்தில் சாமி தூக்கப் போட்டி போடுவார்களாம். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, பாதி நிலம் வீடமைப்புக்குப் போய், சனங்கள் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் கோலாலம்பூருக்கும் சிதறிவிட்டார்கள். போன வருடத் திருவிழாவுக்குச் சாமி தூக்க வாட்ஸ்அப்பில் ஆள் கேட்டார்கள். பத்துப் பேர் என்ற எண்ணின் கனம் தோட்டத்துக்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தோழி கல்லெழுத்துகளைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். "வலமிருந்து இடமா எழுதுறாங்க, நம்ம ஜாவி மாதிரி" என்றாள். கடைசிக் கல்லறையின் பெயரை நான் படித்தபோது நின்றாள். "டேவிட்னா தாவூத். எங்க நபி தாவூத்." அடுத்த அரைமணி நேரம் அவள்தான் எனக்குப் பாடம் எடுத்தாள். மோசே என்றால் மூசா, ஆபிரகாம் என்றால் இப்ராஹிம், ஷாலோம் என்றால் சலாம். பன்றி இறைச்சி அவர்களுக்கும் ஆகாது என்றதும், "அப்ப நான் உன் வீட்டைவிட அவங்க வீட்டுல பயமில்லாம சாப்பிடலாம் போலிருக்கே" என்று சிரித்தாள்.

நானும் என் பங்குக்கு, படித்ததை அவிழ்த்துவிட்டேன். கேரளத்தில் ஏறத்தாழ கி.பி. 1000-இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யூத வணிகத் தலைவர் ஒருவருக்கு அஞ்சுவண்ணம் என்ற உரிமையும் எழுபத்திரண்டு சிறப்புரிமைகளும் கொடுத்துச் செப்பேடு வெட்டித் தந்தான். எழுத்து வட்டெழுத்து. ஜோசப் ரப்பான் என்ற அவர் பெயரை 'இஸ்ஸுப்பு இறப்பான்' என்று நம் வாய்க்கு வந்தபடி எழுதியிருக்கிறார்கள். யூசுப் என்று தோழி உடனே பிடித்துக்கொண்டாள்.

பிறகுதான், ஏன் அந்த நேரத்தில் என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன். "படிவம் நாலுல நீ ஆடு வெட்டுறதைப் பத்திக் கேட்டியே. நான் பொய் சொன்னேன். வெட்டுவோம். அந்த வாரம்கூட வெட்டினோம்."

அவள் என்னைப் பார்த்தாள். "இதை ஏன் மறைச்ச?"

"நீ அருவருப்புப்படுவியோன்னு."

"பைத்தியமா நீ? ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எங்க பள்ளிவாசல் வாசல்ல மாடே அறுப்போம். கோர்பான்னு உனக்குத் தெரியாதா? சின்னப் புள்ளையிலேர்ந்து இறைச்சி பங்கு போடுறது என் வேலை."

"அப்ப ஏன் அன்னைக்கு நல்ல வேளைன்னு சொன்ன?"

கொஞ்சம் யோசித்தாள். "சொன்னேனா? ஞாபகம் இல்லையே" என்றாள்.

நான்கு வருடம் தொண்டையில் வைத்திருந்தது அவளுக்கு ஞாபகமே இல்லை.

வீடு திரும்பியதும் கோர்பான் என்ற சொல்லைத் தேடினேன். மலாய்க்கு அரபியிலிருந்து வந்தது. தமிழ் முஸ்லிம்கள் குர்பானி என்கிறோமே, அதே வேர். எபிரேயத்திலும் பலிக்கு 'கோர்பான்' என்றுதான் பெயர், நெருங்கி வருதல் என்ற பொருளுடைய வேர். கி.பி. 70-இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்தபின் யூதர்கள் பலி கொடுப்பதை நிறுத்தினார்கள், அதன் இடத்தில் தொழுகை நின்றது. இதைத் தோழிக்கு அனுப்பினேன். ஒரு ஆட்டுப் படம் மட்டும் பதிலாக வந்தது.

இரண்டு வாரம் கழித்து அவள் எங்கள் தோட்டத்துக்கு வந்தாள். பூசை இல்லாத சாதாரண நாளாகப் பார்த்து வரச் சொன்னேன். அம்மாவுக்கு ஒரே பதற்றம், "அந்தப் புள்ளைக்கு என்னத்தடி குடுக்குறது?" என்று. கடைசியில் கடையில் வாங்கிய ஹலால் முத்திரை பிஸ்கட்டும் பெட்டித் தண்ணீரும். கோயில் வேலிக்கு வெளியே நின்றபடியே பார்த்தாள், உள்ளே வா என்று நானும் வற்புறுத்தவில்லை. நம் அரசியலமைப்பின் 11-ஆவது பிரிவு, முஸ்லிம்களிடையே பிற சமயத்தைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த இடம் தருகிறது. அதனால் பல பேர் வாயே திறப்பதில்லை. ஆனால் பரப்புவது வேறு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது வேறு. அன்று கேள்விகள் எல்லாம் அவளுடையவை.

பதில்கள் என்னுடையவை அல்ல. சுருட்டு ஏன், குதிரை பொம்மை ஏன், இந்தச் சாமிக்குக் கூரை ஏன் இல்லை என்று அவள் கேட்கக் கேட்க, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பாட்டி வந்தார். பள்ளிக்கூடம் போகாதவர், தோட்டத்து மலாய்தான் பேசுவார், வினைச்சொல் எல்லாம் முன்னும் பின்னும் நிற்கும். முனி காவல்காரர், காவல்காரருக்கு வீட்டுக்குள் என்ன வேலை, ராத்திரி சுற்றுகிறவருக்குக் குதிரை வேண்டாமா, பனியில் நிற்பவருக்குச் சுருட்டு வேண்டாமா என்றார். இருட்டில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போன காலத்தில், அந்த மரத்தைத் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கமாட்டார்களாம். தாண்டினால் பயம் போய்விடுமாம். நன்னெறிக் கல்வியில் 'ஏ' வாங்கிய எனக்கு இதில் ஒரு வரிகூடத் தெரியாது.

தோழி கிளம்பும்போது தங்கள் பள்ளிவாசலில் இறைச்சியை எப்படிப் பங்கு வைப்பார்கள், ஏழை வீடுகளுக்கு எவ்வளவு போகும் என்று பாட்டியிடம் சொன்னாள். பாட்டி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் மோட்டார் சைக்கிள் தோட்டத்து வளைவைத் தாண்டிய பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் புள்ள வீட்டுல ஆடு எங்கம்மா வாங்குறாங்க? வெலையக் கேட்டு வையி. இந்தப் பக்கம் ரொம்ப ஏத்திட்டான்."